வாட்ச் சொல்வதா, உடம்பு சொல்வதா: பயிற்சியின் கடுமையை எதை வைத்து அளப்பது?

நானும் என் கணவரும் காலையில் சேர்ந்துதான் நடக்கப் போவோம். அவருக்கு 54 வயது, எனக்கு 49. மதுரையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே கண்மாய்க்கரை இருப்பதால் பாதைக்குப் பஞ்சமில்லை. ஒரே கரை, ஒரே வேகம், ஒரே 40 நிமிடம். திரும்பி வரும்போது அவர் எதிரே வருகிறவர்களிடம் நிதானமாகப் பேசிக்கொண்டே வருவார். எனக்கோ யாராவது வணக்கம் சொன்னால் தலையை மட்டும்தான் ஆட்ட முடியும், அவ்வளவு மூச்சு வாங்கும். "பழக்கமில்லாததால அப்படி இருக்கு, போகப் போகச் சரியாயிடும்" என்று அவர் சொன்னதை நானும் ஆறு மாதம் நம்பினேன். சரியாகவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரை எல்லாருக்கும் தெரிந்திருக்கும்: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, இல்லையென்றால் 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சி. நிமிடத்தைக் கடிகாரம் பார்த்துச் சொல்லிவிடலாம். நான் செய்வது மிதமா கடுமையா என்பதை யார் சொல்வது? இதற்கு நம் கையில் இருக்கிற வழிகள் நான்கு. வயதை வைத்துப் போடும் இதயத்துடிப்புக் கணக்கு, கையில் கட்டும் வாட்ச், நடக்கும்போது பேசிப் பார்ப்பது, "இது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது" என்பதை ஓர் எண்ணாகச் சொல்வது. ஒன்றரை வருடமாக நாங்கள் இருவரும் நான்கையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்தாயிற்று. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உடம்பு சொல்லும் எண்ணுக்கே முதலிடம், அதற்குத் துணையாகப் பேச்சுச் சோதனை, வாட்ச் அதற்கும் பிறகு. வயதுக் கணக்கை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது. இது ஆண்களுக்கும் பொருந்தும், ஆனால் பெண்களுக்கு இன்னும் முக்கியம்.

வயதுக் கணக்கு

220-லிருந்து வயதைக் கழித்தால் உங்கள் இதயம் அதிகபட்சம் எவ்வளவு துடிக்கும் என்று வரும், அதில் 64 முதல் 76 சதவீதம் வரை மிதம், 77-க்கு மேல் கடுமை. ஜிம் சுவரிலும் டிரெட்மில் மீதும் ஒட்டியிருப்பது இதுதான். 49 வயதான எனக்கு 171 வருகிறது, மிதம் என்றால் நிமிடத்துக்கு 109 முதல் 130 வரை. பார்க்க மிகத் துல்லியமாகத் தெரியும். ஆனால் இந்த 220 எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தால், இதற்கென்று தனியாக ஆய்வு நடத்திக் கண்டுபிடித்த சூத்திரமே இல்லை அது. 1971-ல் ஃபாக்ஸ், நாட்டன், ஹாஸ்கெல் என்ற மூன்று பேர், அதுவரை வந்திருந்த தரவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்துக் குத்துமதிப்பாகப் போட்ட கோடு.

அதற்குப் பிறகு திருத்தங்கள் வந்தன. 2001-ல் டனாகாவும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் வயதை 0.7-ஆல் பெருக்கி 208-லிருந்து கழிக்கச் சொன்னார்கள். 2010-ல் சிகாகோவில் இதய மருத்துவர் மார்த்தா குலாட்டியின் குழு, இதய நோய் அறிகுறி எதுவும் இல்லாத 5,437 பெண்களை மட்டும் வைத்துப் பார்த்து, பெண்களுக்கு 206-லிருந்து வயதின் 0.88 மடங்கைக் கழிக்க வேண்டும் என்றது. அந்தக் கணக்கில் எனக்கு 163 தான். அதாவது பெண்களுக்கு 220 கணக்கு கொஞ்சம் கூடுதலாகவே காட்டுகிறது, நடுவயதுப் பெண் அந்த எண்ணை எட்டப் பார்த்து முடியாமல் போனால் தன் உடம்பில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்வாள். கோளாறு சூத்திரத்தில் இருந்தது.

சரி, பெண்களுக்கான சூத்திரத்தையே எடுத்துக்கொண்டால் போதாதா? போதாது. ஒரே வயதுக்காரர்களுக்குள்ளேயே அதிகபட்சத் துடிப்பு 10, 12 எண்ணிக்கை மேலும் கீழும் போவது சர்வ சாதாரணம். 49 வயதுள்ள இரண்டு பெண்களில் ஒருத்தியின் உண்மையான உச்சம் 159, இன்னொருத்தியுடையது 183 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாமவளுக்கு மிதம் என்பது 102 முதல் 121 வரை, இரண்டாமவளுக்கு 117 முதல் 139 வரை. நிமிடத்துக்கு 121 என்பது ஒருத்திக்கு மிதத்தின் உச்சி, மற்றவளுக்கு மிதத்தின் தொடக்கம். சூத்திரம் இருவருக்கும் ஒரே எண்ணைத்தான் கொடுக்கும்.

வாட்ச்

வாட்சை நான் குறை சொல்லப் போவதில்லை, அதனால் நன்மை உண்டு. அதன் அடியில் மினுக்கும் பச்சை விளக்கு தோலுக்குள் போய், ரத்தம் பாய்ந்து பாய்ந்து வரும்போது ஏற்படும் மாற்றத்தை வைத்துத் துடிப்பை எண்ணுகிறது. உட்கார்ந்திருக்கும்போதும் சீராக நடக்கும்போதும் பெரும்பாலும் சரியாகவே காட்டும். பட்டை தளர்வாக இருந்தால், எடை தூக்கும்போது மணிக்கட்டு இறுகினால், கை வேகமாக ஆடினால் தடுமாறும். சில நேரம் துடிப்புக்குப் பதில் கால் எட்டு வைக்கும் எண்ணிக்கையையே துடிப்பாகக் காட்டிவிடும். துல்லியம் வேண்டும் என்றால் மார்பில் கட்டும் பட்டைதான், அது இதயத்தின் மின் துடிப்பை நேரடியாக எடுக்கிறது.

ஆனால் பெரிய சிக்கல் எண்ணுவதில் இல்லை. துடிப்பைச் சரியாக எண்ணிய பிறகு "இது லேசான பயிற்சி", "இது கொழுப்பைக் கரைக்கும் பயிற்சி" என்று வண்ணம் போட்டுக் காட்டுகிறதே, பல வாட்சுகளில் நாம் எதையும் மாற்றாமல் விட்டால் அந்த வண்ணம் மேலே சொன்ன வயதுக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. என் கணவருக்கு நடந்ததைச் சொன்னால் புரியும். ரத்த அழுத்தத்துக்காக அவர் மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறார். மகள் பிறந்தநாளுக்கு வாட்ச் வாங்கிக் கொடுத்ததும் முதல் நாளே பார்த்தார்: வேகமாக நடந்தும் துடிப்பு 98-ஐத் தாண்டவில்லை, வாட்ச் "லேசு" என்கிறது, மிதத்துக்கு 106 வேண்டுமாம். அடுத்த நான்கு நாள் அந்த எண்ணைத் துரத்திக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். ஐந்தாம் நாள் தலை சுற்றி, கரையில் போட்டிருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கை கால் எல்லாம் வெலவெலத்துப் போனது.

மருத்துவர் கேட்டுவிட்டுச் சொன்னது ஒரே வரி, "மாத்திரையோட வேலையே துடிப்பை ஏறவிடாம பிடிச்சு வைக்கிறதுதானே, அதை மீறி ஏத்தணும்னு ஏன் பார்த்தீங்க?" மெட்டோப்ரோலால், அட்டெனலால், ப்ரொப்ரனலால் மாதிரி பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிற யாருக்கும் வயதுக் கணக்கு பொருந்தாது. நீண்ட நாள் சர்க்கரை நோயால் இதயத்துக்குப் போகும் நரம்புகள் பாதிக்கப்பட்டவர்களுக்கும், துடிப்பு தாறுமாறாக ஓடும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களுக்கும் இதே நிலைதான். நம் ஊரில் 50 வயதைத் தாண்டியவர்களில் எத்தனை பேர் மாத்திரை டப்பா இல்லாமல் இருக்கிறோம்? அப்படியிருக்க வாட்ச் வண்ணத்தை நம்பி வேகத்தைக் கூட்டுவது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள்.

வெயிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சித்திரை மாதம் காலை எட்டு மணிக்கு நடந்தால், அதே வேகத்துக்கு மார்கழியில் இருப்பதைவிடத் துடிப்பு ஏறித்தான் இருக்கும், ஏனென்றால் உடம்பைக் குளிரவைக்கத் தோலுக்கும் ரத்தம் போக வேண்டியிருக்கிறது, வியர்வையில் நீரும் குறைகிறது. இந்த இடத்தில் வாட்சும் உடம்பும் ஒன்றாகவே சொல்லும்: இன்று கஷ்டம் கூட.

பேசிப் பார்ப்பது

செலவே இல்லாத வழி இது. நடக்கும்போது முழு வாக்கியமாகப் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதம். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் கடுமை. பாடவும் முடிகிறது என்றால் இன்னும் கொஞ்சம் எட்டி நடக்கலாம். பயிற்சியின் கடுமை ஓர் எல்லையைத் தாண்டும்போது மூச்சு திடீரென்று வேகமெடுக்கும், பேச்சு தடுமாறுவதும் அங்கேதான், அதனால் கேட்பதற்கு எளிமையாக இருந்தாலும் உடலியல் ரீதியாக உறுதியான சோதனை. பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவருக்கும் பொருந்தும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிச் சூத்திரம் தேவையில்லை.

குறை என்னவென்றால் இதில் மூன்றே படிகள்தான் உண்டு. நேற்றைவிட இன்று கொஞ்சம் கூடியிருக்கிறதா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தனியாக நடக்கிறவர்கள் யாரிடம் பேசுவது என்று கேட்பார்கள், ஒன்றிலிருந்து முப்பது வரை வாய்விட்டு எண்ணிப் பாருங்கள், அதே பலன் கிடைக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மட்டும் இது கொஞ்சம் தப்பாகக் காட்டலாம், கால் களைப்பதற்கு முன்னாலேயே மூச்சு முட்டிவிடும்.

உடம்பு சொல்லும் எண்

இப்போது நான்காவதற்கு வருகிறேன், நான் அதிகம் எழுத நினைத்ததும் இதைப் பற்றித்தான். ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் கன்னார் போர்க் 1960களில் கேட்டது மிக எளிய கேள்வி: மனிதருக்குத் தான் படும் சிரமம் எவ்வளவு என்று தெரியுமே, அதை எண்ணாகச் சொல்லச் சொன்னால் என்ன? அப்படிப் பிறந்ததுதான் போர்க் அளவுகோல், ஆங்கிலச் சுருக்கத்தில் ஆர்.பி.இ. என்பார்கள். 6-இல் தொடங்கி 20-இல் முடியும். ஏன் 6 என்று எல்லாரும் கேட்பார்கள். நல்ல உடல்நலம் உள்ள இளைஞர் ஒருவரின் துடிப்பு ஓய்வில் 60, உச்சத்தில் 200 என்று வைத்து, அதைப் பத்தால் வகுத்திருக்கிறார். அந்தப் பத்துப் பெருக்கல் இளைஞர்களுக்கு ஏறக்குறையப் பொருந்தும், எங்கள் வயதில் பொருந்தாது, மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் பொருந்தவே பொருந்தாது. அதனால் அந்தப் பெருக்கலை மறந்துவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

6 என்றால் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பது. 9 என்றால் கடைத்தெருவில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நடப்பது. 11 லேசு. 13 "கொஞ்சம் கஷ்டம்தான், ஆனா இப்படியே போகலாம்". 15 கஷ்டம், எனக்கு அது தண்ணீர்க் குடத்தோடு இரண்டாவது மாடி ஏறுவது. 17 ரொம்பக் கஷ்டம், தம் கட்டித்தான் தொடர முடியும். 19 இதுவரை வாழ்க்கையில் பட்ட சிரமங்களிலேயே பெரியது. 20 என்றால் அதற்கு மேல் ஓரடி எடுத்து வைக்க முடியாது. 12, 13 என்று தோன்றினால் மிதமான பயிற்சி, 14 முதல் 17 வரை கடுமையானது. அவ்வளவுதான் விஷயம்.

பத்துக்குள் எண் சொல்லும் அளவுகோலும் உண்டு, பலர் அதுதான் எளிது என்பார்கள். நான் 6–20-ஐயே சொல்வேன். காரணம், பத்து என்ற பெயரில் இரண்டு அளவுகோல்கள் உலவுகின்றன. போர்க் பின்னால் உருவாக்கிய பத்து அளவுகோலில் 3 தான் மிதம், 5 வந்தாலே கஷ்டம். அமெரிக்க அரசின் உடற்பயிற்சி வழிகாட்டியில் வரும் பத்து அளவில் 5, 6 தான் மிதம். பிசியோதெரபிஸ்ட் ஒன்றை நினைத்து "அஞ்சுல இருங்க" என்று சொல்ல, நீங்கள் மற்றொன்றை நினைத்துச் செய்தால் என்ன ஆகும்? பத்தில் சொல்லச் சொன்னால், மிதம் எந்த எண் என்று கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

ஆணும் பெண்ணும் ஒரே எண்ணைத்தான் சொல்வார்களா

இதுதான் எங்கள் வீட்டுப் பிரச்சினையின் வேர். ஒரே வேகத்தில் நடக்கும் ஆணையும் பெண்ணையும் கேட்டால், சராசரியாகப் பெண் பெரிய எண்ணைச் சொல்வாள். இதைப் பார்த்து "பெண்களுக்குத் தாங்கும் சக்தி குறைவு, மிகைப்படுத்துகிறார்கள்" என்று பேசுகிறவர்களை நடைப்பாதையிலேயே கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் கோபம் வரும். ஏனென்றால் ஆய்வுகள் சொல்வது வேறு. இருவரையும் அவரவர் உச்சத் திறனில் ஒரே சதவீதத்தில் வேலை செய்ய வைத்தால், அந்த வித்தியாசம் அநேகமாகக் காணாமல் போய்விடுகிறது. பெண் சொன்ன பெரிய எண் உண்மையான எண்தான்.

கணக்காகவே பார்க்கலாம். மணிக்கு 5.6 கிலோமீட்டர் வேகத்தில் நடக்க, சும்மா உட்கார்ந்திருக்கும்போது செலவாகும் ஆக்ஸிஜனைப் போல 4.3 மடங்கு தேவை. என் கணவரின் உச்சத் திறன் 10 மடங்கு என்று வைத்துக்கொண்டால் அவர் தன் திறனில் 43 சதவீதத்தைச் செலவிடுகிறார். என்னுடையது 7 மடங்கு என்றால் எனக்கு அது 61 சதவீதம். அவர் பேசிக்கொண்டே வர, நான் தலையை ஆட்டிக்கொண்டு வந்ததற்குக் காரணம் இதுதான். சராசரியாகப் பெண்ணின் இதயம் சிறியது, ஒரு துடிப்புக்கு வெளியேறும் ரத்தம் குறைவு, ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் குறைவு, தசையும் குறைவு. நல்ல பயிற்சி உள்ள பெண் பயிற்சியில்லாத ஆணைவிடத் திறன் கூடியவளாக இருப்பாள் என்பதும் உண்மை. எங்கள் தெருவில் 60 வயதிலும் வயல் வேலைக்குப் போய்வரும் அம்மா ஒருவர் எங்கள் இருவரையும் தாண்டிப் போய்விடுவார். அதனால்தான் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைவிட ஆளுக்கு ஆள் கேட்பது சரி.

நிமிடத்துக்கு 100 எட்டு வைத்தால் மிதமான நடை என்று ஒரு கணக்கு இருக்கிறது. தொடங்குகிறவர்களுக்கு நல்ல குறி. ஆனால் அதுவும் வேகத்தை அளப்பது, உழைப்பை அளப்பதில்லை, தம்பதியருக்கு அது உதவாது.

என் எண் காட்டிக் கொடுத்தது

போர்க் எண்ணை நாட்காட்டியில் எழுதத் தொடங்கிய மூன்றாவது வாரம் நான் ஒன்றைக் கவனித்தேன். அவருடைய கட்டத்தில் 11, 11, 12, 11. என்னுடையதில் 15, 15, 16, 15. திறன் வித்தியாசம் என்று பார்த்தாலும் பயிற்சி செய்யச் செய்ய எண் இறங்க வேண்டும், ஆறேழு மாதமாக நடக்கும் எனக்கு இறங்கவே இல்லை. ரத்தப் பரிசோதனை செய்தால் ஹீமோகுளோபின் 9.8. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழ் போனால் ரத்தசோகை, ஆணுக்கு 13-க்குக் கீழ். எனக்கு அந்த வருடம் முழுக்க மாதவிடாய் அதிகமாகவே இருந்தது, மாதவிடாய் நிற்கப்போகிற வயதில் இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டிருந்தேன். விட்டிருக்கக் கூடாது. மகப்பேறு மருத்துவரைப் பார்த்து, இரும்புச்சத்து மாத்திரை எடுத்து, மூன்று மாதத்தில் 12-ஐத் தொட்டேன். அதே கரை, அதே வேகம், நாட்காட்டியில் 13.

தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 சுற்றில் 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, ஆண்களில் 25 சதவீதம். தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம். இரண்டு பெண்களில் ஒருத்திக்கு மேல்! இந்த நிலையில் "வேகமா நட, இன்னும் வேகமா நட" என்று எல்லாருக்கும் ஒரே வேகத்தை வைத்துப் பயிற்சி கொடுப்பது நியாயமா? நாட்காட்டியில் எண் எழுதும் வழக்கம் இருந்தால், உடம்பு சொல்லிக்கொண்டே இருப்பதை நாம் ஒரு நாள் கண்ணால் பார்த்துவிடுவோம். அதே பாதை, அதே வேகம், போன மாதம் 11, இந்த மாதம் 15 என்றால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். பெண்களுக்கு இதயக் கோளாறு மார்வலியாக வராமல் வழக்கமில்லாத களைப்பாகவும் மூச்சுத் திணறலாகவும் குமட்டலாகவும் வரலாம், சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே தெரியாமலும் போகலாம்.

கர்ப்பிணிகளுக்கு இந்த எண் இன்னும் உதவும். கர்ப்ப காலத்தில் ஓய்விலேயே துடிப்பு கூடிவிடுவதால் வாட்ச் கணக்கு குழம்பும், அதனால் அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பே 13–14 என்ற போர்க் எண்ணையும் பேச்சுச் சோதனையையும் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. (மருத்துவர் பயிற்சிக்கு அனுமதி கொடுத்த பிறகுதான்.) மாதவிடாய்ச் சுழற்சியின் பின்பாதியில் உடல் வெப்பம் சற்றுக் கூடியிருக்கும், சிலருக்கு அந்த நாட்களில் எண் ஒன்றிரண்டு ஏறும், சிலருக்கு ஏறாது. ஏறினால் வேகத்தைக் குறைத்து 13-லேயே இருங்கள், அன்றைக்கு உங்களுக்கு அதுதான் மிதமான நடை.

எங்கே இது தவறும்

உடம்பு சொல்லும் எண்ணிலும் ஓட்டைகள் உண்டு. பாட்டுக் கேட்டுக்கொண்டு நடந்தால் எண் குறையும், காபி குடித்துவிட்டுப் போனாலும் குறையும், தூக்கம் கெட்டால் கூடும். 2009-ல் மார்கோராவும் உடன் ஆய்வாளர்களும் சிலரை 90 நிமிடம் மூளைக்கு வேலை கொடுத்துவிட்டு சைக்கிள் மிதிக்க வைத்தார்கள்; இதயமும் தசையும் வழக்கம்போலவே வேலை செய்தும், அவர்கள் கூடுதல் கஷ்டம் சொன்னார்கள், சீக்கிரமே நிறுத்தியும் விட்டார்கள். ஆபீஸ் வேலை, பிள்ளை படிப்பு, மாமியார் மருந்து என்று நாள் முழுக்க மனதில் கணக்குப் போட்டுவிட்டு மாலையில் நடக்கப் போகும் பெண்ணுக்கு இது அன்றாடம் நடக்கிறது. அதை நான் எண்ணின் பிழையாகப் பார்க்கவில்லை, அந்தக் களைப்பும் உண்மைதான். ஆனால் இதயத்துக்குப் போதிய வேலை கிடைத்ததா என்ற கேள்விக்கு அந்த நாளில் வாட்சையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம்.

ஆண்களிடம் வேறொரு சிக்கல். மற்றவர் முன்னால் எண்ணைக் குறைத்துச் சொல்வார்கள். ஆண்கள் பெண் ஆய்வாளர் கேட்டால் குறைத்துச் சொல்வதை 1980களிலேயே கவனித்திருக்கிறார்கள். என் கணவரும் நண்பர்கள் கூட இருந்தால் 11 என்பார், வீட்டுக்கு வந்ததும் 14 என்பார். அதனால் எண்ணை வாய்விட்டுக் கேட்காமல் அவரவர் எழுதிக்கொள்வது நல்லது.

என் வயதுப் பெண்களிடம் நான் பார்த்த சிக்கல் இன்னும் ஆழமானது. வயதுக்கு வந்ததும் விளையாட்டு நின்றுபோனவர்கள் நாங்கள். 19, 20 என்றால் எப்படி இருக்கும் என்று உடம்புக்கே நினைவில்லை, அதனால் கொஞ்சம் வியர்த்தாலே 17 என்று சொல்லத் தோன்றும். இப்படிப்பட்டவர்கள் முதல் இரண்டு வாரம் பேச்சுச் சோதனையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 17 என்று மனம் சொல்லும்போது முழு வாக்கியம் தடையில்லாமல் வந்தால், அது 13-க்கு மேல் இருக்காது. அப்படித் திருத்தித் திருத்தித்தான் எண் நிலைக்கு வரும். அப்புறம், காலையும் மூச்சையும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். சைக்கிளில் கால் 16 சொல்லும், மூச்சு 12 சொல்லும். முட்டிவலி உள்ளவர்கள் வலியைக் கஷ்டத்தோடு கலந்துவிடக் கூடாது, வலிக்குத் தனிக் கட்டம் போடுங்கள்.

எடைப் பயிற்சிக்கு மட்டும் கேள்வியை மாற்ற வேண்டும். அங்கே துடிப்பும் பேச்சும் அதிகம் உதவாது. "நிறுத்திய இடத்திலிருந்து இன்னும் எத்தனை தடவை ஒழுங்காகத் தூக்கியிருப்பேன்" என்று கேட்டு, இரண்டு அல்லது மூன்று மிச்சம் இருக்கும்போது நிறுத்துவது தொடங்குகிறவர்களுக்குப் போதும்.

யாருக்கு எது

மாரத்தானுக்குத் தயாராகிறவர், இளைஞர், மாத்திரை எதுவும் இல்லை என்றால் மார்புப் பட்டையும் போர்க் எண்ணும் சேர்த்து. உச்சத் துடிப்பைச் சூத்திரத்தில் போடாமல் பரிசோதனையில் அளந்துகொண்டு. ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் போர்க் எண்ணோடு பேச்சுச் சோதனை, மருத்துவர் சொன்ன எல்லைக்குள். மார் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் வந்தால் எண் எதுவாக இருந்தாலும் நிறுத்திவிட்டு உதவி கேளுங்கள். இப்போதுதான் தொடங்குகிறவர்கள் முதல் இரண்டு வாரம் பேச்சுச் சோதனை மட்டும். பெண்கள், எந்த வயதானாலும், போர்க் எண்ணை எழுதி வையுங்கள், வருடத்துக்கு ஒரு முறை ஹீமோகுளோபினும் பாருங்கள்.

தம்பதியராக நடக்கிறவர்கள் வேகத்தை ஒன்றாக வைக்காதீர்கள், நேரத்தை ஒன்றாக வையுங்கள். நாங்கள் இப்போது கரையின் ஒரு முனையில் சேர்ந்து தொடங்கி, அவர் அவருடைய 13-லும் நான் என்னுடைய 13-லும் நடக்கிறோம். 20 நிமிடம் ஆனதும் இருவரும் இருந்த இடத்திலிருந்தே திரும்பிவிடுவோம். அவர் முன்னால் போயிருப்பார், திரும்பும்போது வழியில் எங்காவது என்னைப் பிடித்துவிடுவார் அல்லது பிடிக்க மாட்டார், தொடங்கிய இடத்துக்கு ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்வோம். கடைசி ஐந்து நிமிடம் வேகத்தைக் குறைத்து 9-க்கு இறங்கும்போதுதான் எங்களுக்குப் பேச நேரம் கிடைக்கிறது.